கடல் மூடும் மாதத்தில் பள்ளிக்கூடமும் மூடுகிறது

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஒன்றியத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "சார், எங்கள் நடுநிலைப் பள்ளியில் 96 பிள்ளைகள். சாயங்கால வகுப்பு கொரோனா முடிந்த சமயத்தில் நன்றாக நடந்தது, இப்போது பேருக்குத்தான் இருக்கிறது. கோடை லீவில் ஒன்றுமே கிடையாது. இதற்கெல்லாம் அரசாங்கத்தில் பணம் இருக்கிறது என்கிறார்கள். எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது, கிடைத்தால் எதில் போட்டால் பிள்ளைகளுக்குப் பிரயோசனம்?"

பணம் இருக்கிறது, தங்கச்சி. ஆனால் உங்களுக்கு வேண்டிய உருவத்தில் இல்லை. மின்விசிறிக்கு இருக்கிறது. சுற்றுச்சுவருக்கு இருக்கிறது. கைப்பந்துக்கும் வலைக்கும் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, இருபது பிள்ளைகளோடு தரையில் உட்காரும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கத்தான் எந்தத் தலைப்பிலும் சரியாகப் பணம் இல்லை. மாலை வகுப்பு என்றால் அந்தப் பெண்தான். மற்றதெல்லாம் சாமான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒரு முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்பதுதான். கடலாடியிலும் மண்டபத்திலும் தலைமையாசிரியராகவும் வட்டார வள மையத்திலும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணம் வந்து வீணானதையும் பார்த்திருக்கிறேன், பணமே இல்லாமல் நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

முதலில், சாயங்கால வகுப்பால் உண்மையிலேயே பிரயோசனம் உண்டா என்று யாராவது அதிகாரி கேட்டால் சொல்வதற்கு உங்கள் கையில் ஒரு பதில் இருக்க வேண்டும். இல்லம் தேடிக் கல்வி என்ற மாநில அரசின் மாலை வகுப்புத் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் 200 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இருபது பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ வகுப்பு. தொடக்க வகுப்புகளுக்கு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள், ஆறு முதல் எட்டு வரைக்குப் பட்டம் பெற்றவர்கள். உச்சத்தில் இரண்டு லட்சம் பேர்வரை தன்னார்வலர்கள் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை கொரோனாவுக்கு முன்பும் பின்பும் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி மூடியதால் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு வந்த பலன் இது. "சும்மா பிள்ளைகளைக் கூட்டி வைத்திருந்தீர்கள்" என்று யாராவது பேசினால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஏன் தேய்ந்தது? அவசரத்துக்குத் தொடங்கிய திட்டம், அவசரம் போனதும் மையங்களைக் குறைத்துவிட்டார்கள். அதோடு, ஆயிரம் ரூபாய் என்பது 2021இல் ஒரு மரியாதை. இன்றைக்கு ஒரு நாள் இறால் உடைக்கப் போனால் கிடைக்கும் கூலியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் நிலை. கல்யாணமாகிப் போனவர், நாகப்பட்டினம் பக்கம் போனவர், ஜவுளிக்கடையில் சேர்ந்தவர் என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். புதிதாக ஆள் வரவில்லை. குறை அந்தப் பெண்களிடம் இல்லை.

சரி, பணம் வரும் வாய்க்கால்களைப் பார்ப்போம்.

பெரிய வாய்க்கால் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டம். 2018இல் சர்வ சிக்ஷா அபியான், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் பயிற்சி மூன்றையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு. உங்கள் பள்ளிக்கு வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் இதில்தான் வருகிறது. பிள்ளைகள் 30 வரை என்றால் 10,000. 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000 ரூபாய். உங்களுக்கு 96 பிள்ளைகள், ஆக 25,000. இன்னும் ஐந்து பேரைச் சேர்த்தால் இரட்டிப்பாகும். இது சின்ன விஷயமில்லை, ஜூன் மாதச் சேர்க்கையின்போது வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். இந்த மானியத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுத்தத்துக்குப் போக வேண்டும். மீதி சுண்ணாம்பு, சாக்பீஸ், பழுதுபார்ப்பு. விளையாட்டு மானியம் தனி: தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000. நூலக மானியம் தனி. ஆள் கூலி எதிலும் இல்லை. ஆனால் சாயங்கால வகுப்புக்கும் கோடை முகாமுக்கும் வேண்டிய பாய், கதைப் புத்தகம், பந்து, கரும்பலகை வண்ணம் எல்லாம் இவற்றில் வாங்கலாம். புத்தகத்தை பீரோவில் பூட்டாமல் இருந்தால் போதும்.

இந்த வாய்க்காலை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. பிஎம்ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, தேசிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதுதான் சண்டை. 2025இல் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. யார் சரி என்ற பேச்சு இங்கே வேண்டாம். டெல்லியிலும் சென்னையிலும் கதவு மூடினால் நம் ஊர்ப் பிள்ளைக்கு வர வேண்டிய பாயும் பந்தும் நின்றுவிடும் என்பது மட்டும் நமக்குத் தெரிந்தால் போதும்.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் மாலை வகுப்புக்கும் கோடை வகுப்புக்கும் என்றே மத்திய அரசில் தனியாக ஒரு நிதி உண்டு. இருபத்தோராம் நூற்றாண்டு சமுதாயக் கற்றல் மையங்கள் என்று பெயர், வருடத்துக்கு ஏறக்குறைய 130 கோடி டாலர். மாகாணங்கள் அதைப் போட்டி வைத்துப் பிரித்துக் கொடுக்கும். ஒரு அமைப்புக்குக் கொடுத்தால் 50,000 டாலருக்குக் குறையக் கூடாது, மூன்று முதல் ஐந்து வருடம்வரை கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம், பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட பஸ்ஸுக்குக் கொடுக்கலாம். அதையும் 2025 ஜூலையில் நிறுத்திவைத்து, கூச்சல் கிளம்பிய பிறகு விடுவித்தார்கள். எனக்கு அதில் பிடித்தது தொகை இல்லை, "மூன்று வருடம்" என்ற அந்த வார்த்தைதான். ஒரு பிள்ளையை வாசிக்க வைக்க ஒரு நிதியாண்டு பத்தாது. நாமும் யாரிடம் கேட்டாலும் மூன்று வருடத்துக்குக் கேட்க வேண்டும்.

அடுத்தது இடம். பள்ளி வளாகம் சாயங்காலம் கிடைத்தால் நல்லது; தலைமையாசிரியர் சாவி கொடுக்கத் தயங்கினால் சண்டை போடாதீர்கள். களவு போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நம் கடற்கரையில் வேறு கட்டடங்கள் இருக்கின்றன. சுனாமிக்குப் பிறகு பல மீனவ ஊர்களில் வலை பின்னும் கூடம் கட்டினார்கள். சில இடங்களில் புயல் பாதுகாப்பு மையம் இருக்கிறது, வருடத்தில் நாலு நாள் திறந்தால் அதிகம். சமுதாயக்கூடம் கல்யாணச் சீசன் தவிர மற்ற நாளில் சும்மாதான் கிடக்கிறது. இவற்றில் ஒன்றுக்கு விளக்கு, விசிறி, கழிப்பறை, குடிதண்ணீர்க் குழாய் வந்துவிட்டால் மாலை மையம் தயார்.

அந்தச் செலவுக்குத்தான் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி (வருடம் 3 கோடி), நாடாளுமன்ற உறுப்பினர் நிதி (வருடம் 5 கோடி), ஊராட்சியின் நிதி ஆணைய மானியம் எல்லாம் பொருந்தும். முதல் இரண்டிலும் நிலைத்து நிற்கும் சொத்துதான் உருவாக வேண்டும், மூன்றிலுமே சம்பளம் கொடுக்கக் கூடாது. 15ஆவது நிதி ஆணையம் (2021-26) தன் மானியத்தில் 60 சதவீதத்தைத் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது. கழிப்பறையையும் குடிநீரையும் அந்தக் கணக்கில் கேளுங்கள், விளக்கையும் விசிறியையும் மீதியில் கேளுங்கள். ஊர் பங்கு போடத் தயார் என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். கூடத்துக்கு வேலி, தரை ஓடு என்று கேட்க இது நல்ல வழி. ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனபோது பல ஊர்களில் "தலைவர் இல்லை, அதனால் நடக்காது" என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊராட்சி செயலரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் இருப்பார்கள். மனு அவர்களுக்குப் போகட்டும்.

இனி அந்தப் பெண். கணக்கைப் போட்டுப் பார்ப்போம், என் மதிப்பீடுதான், உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 40 பிள்ளைகள், இரண்டு தன்னார்வலர்கள். ஒருவருக்கு மாதம் 3,000 வீதம் 6,000. தலைக்கு 8 ரூபாய்க்குச் சுண்டலோ கடலைமிட்டாயோ, மாதம் 22 நாள் என்றால் 7,040. சில்லறைச் செலவு ஆயிரம். மாதம் 14,000, ஜூன் முதல் மார்ச்வரை பத்து மாதம் என்றால் 1 லட்சத்து 40 ஆயிரம். கோடையில் 20 நாள் முகாம்: காலையில் சிற்றுண்டியும் மோரும் தலைக்கு 15 ரூபாய் வீதம் 12,000, மூன்று பேருக்கு நாளுக்கு 300 வீதம் 18,000, சாமான், கயிறு, மிதவை 10,000. ஆக 40,000. மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம். ஒரு பிள்ளைக்கு வருடம் 4,500 ரூபாய்.

இதில் இரண்டு இல்லம் தேடிக் கல்வி மையங்களைத் தக்கவைத்துக்கொண்டால் 20,000 அங்கேயே வந்துவிடும். அதனால் பேருக்கு இருக்கும் மையத்தை மூடச் சம்மதிக்காதீர்கள். ஒரு பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை அதன்மேல் ஏதாவது கட்டலாம். மூடிய பிறகு புதிதாகக் கேட்டால் "புதிய மையத்துக்கு ஆணை இல்லை" என்ற ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

சுண்டலை ஊரிடம் கேளுங்கள். பிடித்து வரும் மீனில் ஊர்க் கமிட்டி மகமை பிடிக்கும் ஊர் என்றால், ஏலத்தில் ஒரு பங்கு பொதுவுக்குப் போகும் ஊர் என்றால், நாளொன்றுக்கு 320 ரூபாய் பெரிய பாரமில்லை. ஜமாத் இருக்கும் ஊரில் ஜமாத்திடம், மாதா கோவில் இருக்கும் ஊரில் பங்குத் தந்தையிடம். திருவிழாவில் ஒரு ராத்திரி வாணவேடிக்கைக்குக் கரைகிற காசு இது. இதை நான் சொன்னேன் என்று கமிட்டிக் கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். ஊர் சுண்டல் போட்டால் 70,000 ரூபாய் குறைவதோடு இன்னொரு நன்மையும் உண்டு: வகுப்பு நின்றால் ஊர் கேள்வி கேட்கும்.

மீதிக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும், தாங்கள் தொழில் செய்யும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். நம் மாவட்டத்தில் எரிவாயு எடுக்கிறார்கள், மின்சாரம் தயாரிக்கிறார்கள், சூரியப் பலகை விரித்திருக்கிறார்கள். கேட்க ஆள் இருக்கிறது. இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்று, பணத்தை வாங்கிச் செலவிடும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அதனால் பள்ளி மேலாண்மைக் குழு தன் பெயரில் வாங்க அலைய வேண்டாம். அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற நன்கொடைத் திட்டத்தின் வழியாகக் கேளுங்கள், அல்லது பதிவுள்ள ஒரு அறக்கட்டளையோடு சேருங்கள். இரண்டு, தொடங்கிய வருடம் போக இன்னும் மூன்று வருடம்வரை நீளும் தொடர் திட்டத்துக்கு அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நீங்கள் போய் "மூன்று வருடத்துக்குத் தொடர் திட்டமாக வேண்டும், தன்னார்வலர் ஊக்கத்தொகை மட்டும்" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அவர்கள் ஸ்மார்ட் போர்டு தருகிறோம் என்பார்கள். நான் இருந்த ஒரு பள்ளிக்கு ஒரு நிறுவனம் அப்படிக் கொடுத்தது. மாலை போட்டு, நாடா வெட்டி, போட்டோ எடுத்தோம். உப்புக்காற்றில் அதன் முதுகு எட்டு மாதத்தில் பச்சை பிடித்தது, சரிசெய்ய மதுரையிலிருந்து ஆள் வர வேண்டும், வரவேயில்லை. கடைசியில் அதன்மேல் சாக்பீஸில் எழுத முடியுமா என்று ஒரு வாத்தியார் முயற்சி செய்து பார்த்தார். முடியவில்லை. மரியாதையாக வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். நம் கரைக்கு மட்டும் உரிய சிக்கல் இனிமேல்தான்.

அரசாங்கத்தின் வருடம் மார்ச் 31இல் முடிகிறது. புது வருடத்துப் பணம் திட்ட ஒப்புதல் எல்லாம் முடிந்து கீழே இறங்க ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். நடுவில் இருப்பது ஏப்ரல் கடைசியும் மே மாதமும். அதாவது கோடை விடுமுறை வரும்போது பழைய வருடப் பணம் காலாவதியாகி இருக்கும், புது வருடப் பணம் பிறந்திருக்காது. கோடை முகாமுக்கு ஏன் பணமில்லை என்று நீங்கள் கேட்டதற்கு முக்கால் பங்கு பதில் இந்த நாட்காட்டிதான். பல வருடங்களுக்கு முன் ஒரு கோடை முகாமுக்கான தொகை எங்கள் கைக்கு மார்ச் 27ஆம் தேதி வந்து சேர்ந்தது. 31ஆம் தேதிக்குள் செலவு செய்து பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம், முகாம் எங்கே நடத்துவது? அறுபது ஸ்கிப்பிங் கயிறும் நாலு கேரம் பலகையும் வாங்கிக் கணக்கை முடித்தோம். அதில் ஒரு கேரம் பலகை உறை பிரிக்காமல் பீரோமேல் கிடந்ததை நான் ஓய்வு பெற்ற அன்றும் பார்த்தேன்.

அதே சமயத்தில் கடல் தன் பங்குக்கு மூடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது, 2023 ஆகஸ்ட்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 8,000 ஆக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு அதுதான். அப்பா வீட்டில், பிள்ளை வீட்டில், கையில் காசில்லை. பள்ளி இல்லாததால் காலை உணவும் மதிய உணவும் இல்லை. பெரிய பையன்கள் நாட்டுப்படகில் கூட்டாளாகப் போகப் பழகுவது இந்த மாதங்களில்தான். சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுக்குக் குடும்பத்தோடு பதநீர்ச் சீசனுக்குப் போய்விடும் பிள்ளைகள் ஜூன் மாதம் பள்ளி திறந்து மூன்று வாரம் கழித்துத்தான் வருவார்கள். சில பேர் வருவதே இல்லை. ஒரு பிள்ளை எந்த மாதத்தில் பள்ளியைவிட்டு நழுவுகிறது என்று என்னைக் கேட்டால் மே என்றுதான் சொல்வேன்.

அதனால் அரசுப் பணத்தை எதிர்பார்த்துக் கோடை முகாமைத் திட்டமிடாதீர்கள். சமூகப் பொறுப்பு நிதியைக் கோடைக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள், தொடர் திட்டமாக இருந்தால் மார்ச் 31 உங்களைக் கொல்லாது. சாமான்களை வருட மானியத்தில் டிசம்பருக்குள் வாங்கிவிடுங்கள். ஆட்களை மற்றத் துறைகளிடம் இரவல் வாங்கலாம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏப்ரல் கடைசியிலும் மே மாதமும் மாவட்டந்தோறும் கோடைப் பயிற்சி முகாம் நடத்துகிறது. பயிற்றுநரை இரண்டு நாள் உங்கள் ஊருக்கு அனுப்பும்படி கேளுங்கள். கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு 2024 முதல் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் என்று கொடுத்தார்கள். உங்கள் ஊராட்சிக்கு வந்தது எந்த அறையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் பாட்டும் ஓவியமும் சொல்லிக்கொடுக்கிறது. நூலகம் இன்னொரு வழி. நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது, 1948ஆம் வருடச் சட்டம் அது. ஊர்ப்புற நூலகரிடம் மே மாதத்துக்கு மட்டும் நூறு கதைப் புத்தகம் கேட்டால், அது நம் பணத்தில் வாங்கிய புத்தகம் என்ற தைரியத்தோடு கேட்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வறட்சி பாதித்த பகுதி என்று அறிவிக்கப்பட்டால், கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வறட்சி நம் மாவட்டத்துக்கு விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அப்படி ஒரு வருடம் மறுபடி வந்தால் ஏப்ரல் முதல் வாரமே மனுவில் அந்த உத்தரவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

முகாமில் என்ன செய்வது? காலை 7 முதல் 10 மணிவரை போதும், அதற்குமேல் மணல் சுடும். ஒரு மணி நேரம் வாசிப்பு. ஒரு மணி நேரம் விளையாட்டு. மீதியில் ஊரில் இருப்பதைப் படமாக வரைவது, தாத்தாக்களிடம் மீன் பெயர், காற்றுப் பெயர் கேட்டு எழுதுவது. கொண்டல், கச்சான், வாடை என்று தொடங்கினால் பிள்ளைகள் நிறுத்த மாட்டார்கள். அப்புறம் நீச்சல். வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், கடற்கரையில் பிறந்த பெண் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு நீந்தத் தெரியாது. தடைக்காலத்தில் ஊரில் நல்ல நீச்சல்காரர்கள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த 300 ரூபாயை அவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள். இடுப்பளவு தண்ணீர், கயிறு கட்டிய எல்லை, மிதவை, தாய்மார் கரையில். தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் மூச்சு கொடுத்துக் காப்பாற்றுவதை வந்து செய்து காட்டுவார்கள்.

சாயங்கால வகுப்புக்கு வருவோம். 5 முதல் 7 என்பது சென்னையில் எழுதிய நேரம். உங்கள் ஊரில் ஓதப் போகிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு அந்த நேரம் மதரசாவில் போய்விடும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பள்ளி விட்ட உடனே 4:15க்குத் தொடங்கி 5:15க்கு முடித்த மையங்கள்தான் நிலைத்தன. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும்; மறுநாள் காலை கரை திரும்பும்போது பிள்ளைகள் பலர் இறங்குதுறையில் இறால் பிரித்துக்கொண்டு இருப்பார்கள். அந்த நாள்களில் சாயங்காலம் கண் சொக்கும். கணக்கை அன்றைக்கு வைக்காதீர்கள், கதை வையுங்கள். பாசி எடுக்கப் போகும் தாய்மார் உள்ள ஊரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அக்காள்தான் வீட்டைப் பார்ப்பாள், தம்பியைத் தூக்கிக்கொண்டுதான் வருவாள். விடுங்கள், தம்பியும் உட்காரட்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வகுப்பு வைத்தால் பெண் பிள்ளை ஒருத்தியும் இருக்க மாட்டாள்.

வகுப்பில் வீட்டுப்பாடம் எழுத வைக்காதீர்கள். எல்லோரும் செய்கிற தவறு அதுதான், பெற்றோருக்கும் அதுதான் பிடிக்கும். முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள், கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்று கொடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத்தான் வருகிறது என்றால் அவனை மூன்றாம் வகுப்புக்காரர்களோடு உட்கார வையுங்கள், வகுப்பு எண்ணைச் சொல்லாமல் குழுவுக்கு மீன் பெயர் வையுங்கள். சீலாக் குழு, சூடைக் குழு என்று ஒரு தன்னார்வலர் வைத்திருந்தார். சூடை மலிவான மீன் என்று ஒருவன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை, பிறகு எல்லாக் குழுவுக்கும் விலை மீன் பெயராக மாற்றினார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே பத்தி, அதே கணக்கு. அந்த ஒரு தாள்தான் அடுத்த வருடப் பணத்துக்கு உங்கள் அத்தாட்சி.

கேட்கும் முறை. கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதும் பொறுப்பை உங்கள் குழுவிடம்தான் கொடுத்திருக்கிறது. மூன்று வருடத் திட்டமாக அதை எழுதி, நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது டிசம்பருக்குள் முடித்துவிடுங்கள். அதில் மாலை மையமும் கோடை முகாமும் தனித்தனி வரியாக, தொகையோடு இருக்கட்டும். அக்டோபர் 2, நவம்பர் 1 இரண்டு நாளும் கிராம சபை. ஒன்றில் கட்டட வேலைக்குத் தீர்மானம், இன்னொன்றில் கூடத்தின் சாவியை மாலையில் குழுவுக்குக் கொடுக்கத் தீர்மானம். தீர்மான நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுத்து, கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ஆட்சியரிடம் போக வேண்டுமானால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. 2018 முதல் ராமநாதபுரம் நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலில் இருக்கிறது, அதன் மதிப்பெண்ணில் கல்விக்கு 30 சதவீதம். "எங்கள் ஊரில் 40 பிள்ளைகளில் 26 பேருக்கு ஜூனில் வாசிக்க வரவில்லை, செப்டம்பரில் 15 பேருக்குத்தான் வரவில்லை" என்று ஒரு தாளைக் காட்டினால் அது ஆட்சியருடைய கணக்குக்கும் உதவும். வெறும் கோரிக்கையை நூறு பேர் கொடுப்பார்கள்.

மே 1 கிராம சபையும் இருக்கிறது. அது முகாம் நடக்கும் சமயம். அன்றைக்கு எதுவும் கேட்க வேண்டாம். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்து, ஏப்ரலில் வாசிக்க வராத ஒருவனை எழுந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். மைக்கை அவன் வாய்க்கு நேராகப் பிடிக்க ஒரு ஆள் வையுங்கள், கடற்காற்றில் பாதி கேட்காது.